வலது கன்னம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்காருவது என்பதைக் கன்னம்தான் தீர்மானிக்கும். அம்மாவுக்கு வலது பக்கம் அழகு, அப்பாவுக்கு இடது பக்கம். ஆகவே மேசையின் ஒரு முனையிலிருந்து பார்க்கிறவருக்கு அம்மாவின் வலது கன்னமும் அப்பாவின் இடது கன்னமும் தெரிகிற மாதிரி இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். அண்ணனுக்கு இரண்டு பக்கமும் அழகு என்று அண்ணனே சொல்லிக்கொள்வதால் அவன் எங்கே வேண்டுமானாலும் உட்காருவான். பார்க்கிறவருக்கான அந்த முனை நாற்காலி என்னுடையது. எதிர் முனையில் நாற்காலியே கிடையாது. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் கெட்ட பக்கம்.

மூவரும் நடிகர்கள். அம்மா பதினாறு வயதில் கதாநாயகி ஆனவள். அப்பா முப்பது வருடம் வில்லன். திரையில் அவர் எரிக்காத வீடு இல்லை, சொந்த வீட்டில் கரப்பான் பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறிக்கொள்வார். அண்ணன் தொலைக்காட்சித் தொடர்களில் நல்ல மருமகன். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்பார்கள். எங்கள் வீட்டில் ஆனது.

ஏழு வயதில் அம்மாவின் படத்தில் அம்மாவுக்கு மகளாகவே என்னைப் போட்டார்கள். ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் ஓடிவந்தேன், கட்டிக்கொண்டேன், பிறகு கேமராவைப் பார்த்தேன். சினிமாவில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. பதினோரு தடவை எடுத்தார்கள், பதினோரு தடவையும் லென்ஸைத்தான் பார்த்தேன். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கடைசியில் அம்மா என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இவளுக்குப் பக்கமே இல்ல. வேற குழந்தையக் கூப்பிடுங்க" என்றாள்.

வேறு குழந்தை வந்தாள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கேமராவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் குழந்தை காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள், கண் சாப்பாட்டு வண்டிப் பக்கமே போனது. அப்போது உதவி மேனேஜராக இருந்தவரிடம் போய் அவளுக்கு ஒரு பன் வேண்டும் என்றேன். எதைச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்கிறவர் அவர், பிறகு அவர் பெயரே அதுவாகிவிட்டது. பன் உள்ளே போனது, குழந்தை ஒரே தடவையில் நடித்து முடித்தாள். நான் பார்த்த முதல் தயாரிப்பு வேலை அதுதான்.

அதற்குப் பிறகு கேமராவுக்கு முன்னால் நான் போகவே இல்லை. பத்தொன்பது வயதில் அப்பாவின் கால்ஷீட் டைரியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். அங்கிருந்து புரொடக்‌ஷன் உதவியாளர், அப்புறம் மேனேஜர். மழை வரும் என்று வானொலி சொல்வதற்கு முன்பே சொல்வேன். எந்தத் தெருவில் காலை எத்தனை மணிக்குக் குப்பை வண்டி வரும், எந்த வீட்டு நாய் ஷாட் நேரம் பார்த்துக் குரைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. முப்பத்தொரு வயதில் சொந்தமாக ஒரு படம் தயாரித்தேன். அதைத் தியேட்டரில் கடைசிவரை பார்த்தது நானும் வாட்ச்மேனும். அடுத்த படத்துக்கு அவர் மனைவியையும் கூட்டி வந்தார். ஆறாவது படம் வந்தபோது எனக்கு நல்ல பெயர் கிடைத்திருந்தது. வீட்டில் மட்டும் யாராவது விருந்தாளி வந்தால், "இவ நடிக்க மாட்டா, மத்ததெல்லாம் செய்வா" என்றுதான் அறிமுகம் செய்வார்கள்.

ஏழாவது படம்தான் இந்தக் கதை.

டைரக்டர் இருபத்தெட்டு வயதுப் பெண். அதுதான் அவளுக்கு முதல் படம். ஆள் குச்சி, அடம் மட்டும் ஆளைவிடப் பெரிது. அவள் எழுதிக்கொண்டு வந்தது ஒரு வயதான தையல்காரியின் கதை. பன்னிரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மகள், அம்மா வாடகை வீட்டைக் காலி செய்கிற நாளில் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் தாய் திரும்பிப் பார்க்கிறாள். வசனம் இல்லை. படம் முழுக்க அந்த ஒரு திரும்பலுக்காகத்தான் காத்திருக்கிறது. படித்து முடித்ததும் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை அம்மாதான் செய்ய வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அம்மா எட்டு வருடமாக நடிக்கவில்லை. அவளுக்குக் கடைசியாக வந்த வேடங்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இருமுவது. அவள் யார் என்று உலகம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையில்தான் எனக்குக் கண் தெரியாமல் போனது.

மூன்றாவது மாடியில் ஒரு வீடு பிடித்தேன். நீளமாக, ஒடுக்கமாக, ஒன்பது அடி அகலத்தில் ஒரே அறை. ஜன்னல், வெளிச்சம், சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு, எல்லாம் கச்சிதம். கேமரா வைக்க ஒரே ஒரு சுவர்தான் வாகு. நான்கு நாள் அம்மா அற்புதமாக நடித்தாள், வழக்கம்போல எல்லாவற்றையும் வலது கன்னத்தாலேயே. ஐந்தாம் நாள் சாயங்காலம் கடைசிக் காட்சிக்கு ஒத்திகை பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அந்த வீட்டின் கதவு தப்பான பக்கத்தில் இருந்தது. கதவைத் திரும்பிப் பார்த்தால் அம்மாவின் இடது கன்னம்தான் கேமராவுக்கு வரும். முப்பது வருடம் அந்த மேசை முனையில் உட்கார்ந்து சாப்பிட்ட நான், கதவு எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. வேறு எந்தத் தயாரிப்பாளரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டார்.

அம்மா பாதி திரும்பி நின்றாள். பிறகு மெதுவாக முகத்தைப் பழைய பக்கமே கொண்டுபோய்விட்டு, கதவை மாற்றச் சொன்னாள்.

கதவை மாற்ற முடியாது. வீட்டை மறுநாள் மாலை ஒப்படைக்க வேண்டும், சனிக்கிழமை புதிதாகக் குடி வருகிறார்கள். கேமராமேன் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிடலாமே என்றார். திருப்பினால் சுவர்க் கடிகாரம் பின்னோக்கி ஓடும், நாள்காட்டியைக் கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். அம்மாவின் பின்னந்தலையை எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். டைரக்டர் அதுவரை நகம் கடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி நடித்தால் போதும் என்றால் இவ்வளவு பெரிய நடிகை தேவையில்லை, அந்தத் திரும்பல் இல்லையென்றால் தானும் இல்லை என்று என்னிடம் தனியாக வந்து சொன்னாள். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பெரிய தலைவலி.

அம்மாவின் கன்னம் பற்றிய வேதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அவளுடைய முதல் படம், முதல் நாள், முதல் ஷாட். ஊரே பயப்படும் கேமராமேன் ஒருவர் பதினாறு வயதுப் பெண்ணின் முகத்தை வியூ ஃபைண்டரில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். வலது கன்னத்தை மட்டும் காட்டு, இடது கன்னத்தைக் கேமராவுக்குக் கொண்டுவந்துவிடாதே, ஷாட் கெட்டுவிடும் என்றார். அம்மா கொண்டுவரவில்லை. நாற்பத்தாறு வருடமாகக் கொண்டுவரவில்லை. நட்சத்திரம் ஆன பிறகு யார் எதற்கு என்று கேட்கப் போகிறார்கள்? கல்யாணப் புகைப்படத்திலும் வலது கன்னம், அடையாள அட்டைக்குக்கூட ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் சண்டை. அவளுடைய இடது கன்னத்தை நான் பார்க்காமல் இல்லை. தூங்கும்போது, ஜுரத்தில் படுத்திருக்கும்போது பார்த்திருக்கிறேன். அவளாக எனக்குக் காட்டியதில்லை.

வண்டியில் வீடு திரும்பும்போது அவள் வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறம்பாங்க. உனக்குப் படம் முக்கியம், சரி. என் முகத்த வெச்சு அத முடிக்காத."

"அம்மா, உன் முகத்துக்காகத்தான் இந்தப் படத்தையே எடுக்கறேன்."

"அப்படின்னா பாதி முகத்தோட எடு. என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்."

அதைச் சொன்னபோது அவள் குரலில் கர்வம் துளியும் இல்லை. ஊனத்தைப் பற்றிப் பேசுகிறவர்களின் குரல் அது. இத்தனை வருடம் அதை அலட்டல் என்று நினைத்திருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டு வாசலில் 'ஆகட்டும்' ஒரு பழுப்பு உறையோடு காத்திருந்தார். அன்றைக்குப் பன் கொடுத்த அதே மனிதர், இப்போது என் மேனேஜர். கடைசிக் காட்சியில் தையல்காரியின் மடியில் அவளுடைய இளவயதுப் படம் ஒன்று இருக்க வேண்டும், யாரும் இதுவரை பார்க்காத படமாக வேண்டும் என்று டைரக்டர் கேட்டிருந்தாள். அம்மாவின் முதல் படத்துக்கு ஸ்டில் எடுத்தவரின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, பரணிலிருந்த பெட்டியைக் குடைந்து ஒன்பது படங்கள் கொண்டுவந்திருந்தார். அம்மா நேரே அறைக்குப் போய்விட்டாள். நான் அவற்றைச் சமையலறை மேடையில் பரப்பினேன்.

எட்டுப் படங்கள் அம்மாவைக் காட்டின. ஒன்பதாவது படம் வேலையைக் காட்டியது. ஸ்டில் போட்டோகிராபர் தள்ளி நின்று மொத்தத் தளத்தையும் எடுத்திருந்தார். நடுவில் முக்காலியில் புள்ளிச் சட்டை போட்ட பெண், முதல் ஷாட்டில் வருகிற அதே சட்டை. எதிரே கேமரா, அதன் இரு பக்கமும் ஆளுயரக் கம்பத்தில் ஒவ்வொரு விளக்கு. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்திருப்பார்கள். எனக்கு ஏழு வயதிலிருந்தே புத்தி அப்படிப் போகாது. ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னொன்றின் மூடி திறந்து தொங்கியது, ஏணியில் ஒரு லைட்மேன், அவர் கையில் கழற்றிய பல்பு. அணைந்து கிடந்தது அவள் இடது கன்னத்துக்கான விளக்கு. படத்தின் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது: 'முதல் நாள். விளக்கு பழுது. புது பல்பு மாலையில் வந்தது.'

அன்றைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் இல்லை. அவ்வளவுதான். அந்தக் கேமராமேன் முகத்துக்குத் தீர்ப்பு சொல்லவில்லை, மாலை வரைக்கும் ஒரு சமாளிப்பு சொல்லியிருக்கிறார். மாலையில் பல்பு வந்தது, அவர் மறந்துபோனார். இவள் மறக்கவில்லை. சினிமாக்காரர்களுக்கு மட்டும்தான் இப்படி நேரும். சொன்னபடி நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகு நேரம் பார்த்தார். பின் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சொல்லாதே என்றார்.

"அறுபத்திரண்டு வயசுல ஒருத்திகிட்ட போய், நீ ஒரு பியூஸ் போன பல்புக்காக வாழ்ந்துட்டன்னு சொல்லுவியா? தாங்க மாட்டா பாப்பா. பின்னந்தலைய எடுத்து முடிச்சுடு."

முப்பது வருட வில்லன் கெஞ்சிப் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறைத்தால் படம் போகும், சொன்னால் அம்மா உடைந்துபோகலாம். நான் படத்துக்காகச் சொன்னேனா, அவளுக்காகச் சொன்னேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 'பாதி முகம்தான் இருக்கிறது' என்றாளே, அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சாப்பிட்டு முடித்து அண்ணன் எழுந்துபோன பிறகு படத்தை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். விரலால் அந்த ஏணியைத் தொட்டுக் காட்டினேன். விளக்கம் தேவைப்படவில்லை. முப்பத்தெட்டு வருடம் விளக்குக்கு முன்னால் நின்றவள் அவள். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். அப்பா தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா படத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

காலையில் நான் கிளம்பும்போது அவள் அறை காலியாக இருந்தது. கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. ஆகட்டும் போன் செய்து, அம்மா ஆறு மணிக்கே வாடகை வண்டி பிடித்து வந்துவிட்டதாகச் சொன்னார். மேக்கப் மேனை வெளியே அனுப்பிவிட்டுக் கண்ணாடி முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாளாம். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

பத்து மணிக்கு ஷாட் தயாரானது. அம்மா மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் வைக்க ஆகட்டும் அந்த எட்டுப் படங்களையும் நீட்டினார். அவள் தன் பையிலிருந்து ஒன்பதாவதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டைரக்டர் என்னைப் பார்த்தாள். எனக்கும் எதுவும் தெரியாது என்று கையை விரித்தேன். கேமரா ஓட ஆரம்பித்தது.

கதவு திறந்தது. அம்மா திரும்பினாள்.

எத்தனையோ தடவை அவள் நடிப்பதைப் பார்த்தவள் நான். அவளுடைய வலது கன்னத்துக்கு எல்லாம் தெரியும். எந்த நொடியில் துடிக்க வேண்டும், கண்ணீர் எந்த வழியாக இறங்க வேண்டும், எல்லாம். இடது கன்னத்துக்கு நடிக்கவே தெரியாது. அது எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கதவில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் அந்தக் கன்னம் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் நடுங்கியது, பயந்தது, பிறகு நம்பிவிட்டது. அறுபத்திரண்டு வயது முகத்தில் பதினாறு வயது ஒன்று மிச்சம் இருந்ததை அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றாள். மைக் கம்பைப் பிடித்திருந்தவர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதேன், குழாயைத் திறக்காமல்.

இரண்டாவது தடவை எடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

மதியம் மூட்டைகள் மேலேயே உட்கார்ந்து நானும் அவளும் தேநீர் குடித்தோம். ராத்திரி முதலில் அழுதாளாம், பிறகு கோபம் வந்ததாம். விடிகாலையில், ஒரு மனுஷன் பல்பு மாற்றுகிற நேரத்துக்கு அவசரமாகச் சொன்னதை ஆயுசுக்கும் தூக்கிச் சுமந்தோமே என்று சிரிப்பு வந்துவிட்டதாம். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஆமா, நீ ஏன் அப்புறம் நடிக்கவே வரல?"

"எனக்குத்தான் பக்கமே இல்லையே."

"யார் சொன்னது?"

"நீதாம்மா. பன்னு சாப்பிட்டுட்டு ஒரு குழந்தை நடிச்சாளே, அன்னைக்கு."

அம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். அவளுக்கு ஞாபகம் இல்லை, நிஜமாகவே இல்லை.

"வெளிச்சம் போயிட்டிருந்திருக்கும்டா. ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பேன்" என்றாள் மெதுவாக.

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே புரிந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நான் என் வேலையில் சந்தோஷமாக இருக்கிறேன். கேமராவுக்குப் பின்னால் என்னை அனுப்பியது அந்த வார்த்தைதான், அங்கே என்னை இருக்க வைத்தது நான். ஆனாலும் முப்பத்திரண்டு வருடமாக உள்ளே எங்கோ தைத்துக்கொண்டிருந்த முள் ஒன்று அந்த நிமிடம் தானாகக் கழன்று விழுந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் சிரித்தாள். தேநீர் என் சட்டையில் கொட்டியது.

வீட்டை ஒப்படைப்பதற்கு முன் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுப்பது வழக்கம். எங்கள் ஸ்டில் போட்டோகிராபர் பழைய ஆள். சொல்லாமலே அம்மாவின் வலது பக்கமாக நகர்ந்தார். அம்மா அவரை நடுவுக்கு வரச் சொன்னாள், என்னையும் கேமராவுக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். எல்லோரும் நேராக லென்ஸைப் பார்க்கும்படி அவர் சொன்னார்.

அம்மாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. அவளுடைய எந்தப் புகைப்படத்திலும் அவள் லென்ஸை நேராகப் பார்த்தது கிடையாது.

"எப்படிப் பாக்கணும்?" என்று என் காதருகே கேட்டாள். "உனக்குத்தான் அது நல்லா வருமே."

"ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. உள்ள யார் இருக்காங்கன்னு பாரு, போதும்."

இருவரும் பார்த்தோம்.